மூன்று முட்கள்

ஜெர்மனில் அதைக் காட்டுவது என்பார்கள்,
பிரெஞ்சில் ஊசி.
பீல் நகரத்தில் இரண்டு மொழிக்கும் தெருப்பலகை உண்டு,
என் மொழிக்கு இல்லை.
என் சமையலறை மேசையில் மட்டும்
அது முள்.

மேல்மாடி ரோஸ்மாரி எஷ்லிமான்
நிலவறையில் வெள்ளம் வடிந்த பிறகு கொண்டுவந்தார்:
ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் ஈரக் கைக்குட்டை,
அதற்குள் கைக்கடிகாரம்.
தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம்
கட்டியிருந்தாராம்.
"நீங்கள் பல் செய்கிறவர்தானே,
இதுவும் அந்த அளவுதானே" என்றார்.

பல்லுக்குத் துருப் பிடிக்காது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
டப்பா மட்டும் திரும்ப வேண்டும் என்று
படியேறிப் போய்விட்டார்.

கண்ணாடியைக் கழற்றினால்
வெள்ளை முகப்பு தப்பியிருக்கிறது.
ஆறுக்குப் பக்கத்தில் மட்டும் தேநீர் சிந்தியதுபோல் ஒன்று.
மணிமுள்ளும் நிமிடமுள்ளும்தான்
பொரிந்து, செதில் விட்டு,
கருவாட்டு வால் மாதிரி.
முகப்பின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து
இரண்டு நெம்புகோலையும் ஒரே மூச்சில் அழுத்தினேன்.
இரண்டு முள் என் பக்கம் விழுந்தன.
நொடிமுள் மட்டும்
டிக் என்று ஒரே ஒரு சத்தத்தோடு
சுவிட்சர்லாந்துக்குள் எங்கோ போய்விட்டது.

காந்தத்தைக் கயிற்றில் கட்டித்
தரை முழுக்க இழுத்தேன்.
ஒரு ஊக்கு, மகளின் கொண்டை ஊசி,
எந்த வருடத்துக் குண்டூசியோ ஒன்று.

மற்ற இரண்டையும் பித்தளைத் துண்டில் மெழுகால் ஒட்டி
எண்ணெய் தொட்ட மரக்குச்சியால்
தேய்த்துக்கொண்டிருந்த இரண்டாம் இரவில்
கை தானாக நின்றது.
துருவை எடுக்க எடுக்கப்
போவது இரும்புதான்.
முள் மெலிகிறது,
இன்னும் எத்தனை தடவை தாங்கும் என்பதை
அது முன்கூட்டிச் சொல்வதில்லை.

பிறகு சூடு.
கரண்டியில் பித்தளைத் தூள் பரப்பி
அதன்மேல் மணிமுள்ளைக் கிடத்தி
கீழே, வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட் விளக்கு.
வைக்கோல் நிறம்.
நாட்டுச் சர்க்கரை.
கத்தரிக்காய்த் தோல்.
இதோ நீலம் என்று இடுக்கியை எடுக்கையில்
ஜன்னலுக்கு வெளியே, மூடுபனிக்குள்,
டிராலி பஸ்ஸின் கம்பி பொறி கக்கியது.
திரும்பிப் பார்த்தேன்.
அவ்வளவுதான், சாம்பல்.

மறுபடி தேய்ப்பு. இம்முறை பயந்துபோய்
கத்தரிக்காயிலேயே நிறுத்திவிட்டேன்.
நிமிடமுள் நீலம்வரை போனது,
பள்ளிக்கூட மையின் நீலம்.
நடுவில் துரு தின்ற ஒரு குழி;
அதைத் தொடவில்லை, தொட்டால் ஒடியும்.

பூட்டினேன். ஒன்று ஐந்துக்கு
இரண்டும் உரசிக்கொண்டு நின்றன.
நிமிடமுள்ளை மயிரிழை உயர்த்தினேன்.
வழிவிட்டுப் போயின.

ரோஸ்மாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெகுநேரம் பார்த்தார்.
ஒன்று ஊதா, ஒன்று நீலம், மன்னிக்க வேண்டும் என்றேன்.
"அது எப்போதுமே அப்படித்தான்" என்றார்.
முப்பத்தொரு வருடம் பார்த்தவராய்ச் சொன்னாரா,
கீழ்வீட்டுக்காரிக்காகச் சொன்னாரா, தெரியவில்லை.
நொடிமுள் தொலைந்ததைச் சொன்னபோது
"தபால் முத்திரையில் நொடி கிடையாது" என்று
டப்பாவை வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை, வெறுங்காலோடு,
குளிர்பெட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே
குதிகாலில் சுருக்கென்றது.
விளக்கடியில் உட்கார்ந்து, காலை மடியில் தூக்கிவைத்து,
அதே இடுக்கியால் பிடுங்கினேன்.
ரத்தத்தைத் துடைத்தால்
பாதி துரு. மற்றப் பாதியில்
ஆலையில் ஏற்றிய நிறம் மிச்சமிருந்தது,
சந்தேகமில்லாத நீலம்.

மேல்மாடிக்கு நான்கு படி நொண்டி ஏறினேன்.
அங்கேயே நிற்கிறேன்,
இடுக்கி நுனியில் அதைப் பிடித்தபடி.
காட்டுவதா.
மேலே அவருடைய ரேடியோ செய்தி வாசிக்கிறது.
குதிகால் இன்னும் கடுக்கிறது.