ஸ்பிரிங் சத்தம்

பம்பலப்பிட்டியில், பல் வைத்தியரின் மாடிக்கு மேல்
முட்டைத் தட்டு ஒட்டிய சுவர்களுக்குள்
எட்டு வருசமாய் நான் சத்தம் ஒட்டுகிறவன்.
கதவு, சப்பாத்து, மழை, கன்னத்தில் விழும் அறை
எல்லாம் கணினியில் கோப்புக் கோப்பாய்.
அதில் ஒன்று ஸ்பிரிங்.
பழைய மெத்தைக்குள் இருந்து துள்ளுவது போல,
டொய்ங்.

என்னைப் போல ஒருத்தன் நாடகத்தில் வந்தால்
அதைத்தான் போடவேண்டும்.
இடுப்புக்கு ஒன்று. கை மடங்கினால் ஒன்று.
கதாநாயகனின் தோளைத் தொட்டுவிட்டால்
இரண்டு; பிறகு ஒரு புல்லாங்குழல் வழுக்கி விழும்.
அவனுக்குப் பெயர் இருக்காது.
தலையிடி, வாடகைப் பாக்கி, கலியாணமாகாத தங்கச்சி
எதுவும் இருக்காது.
மூன்று நிமிசம் வருவான், பகிடிக்கு.
நாலாம் நிமிசம் அவனை ஒருவரும் தேடார்.

போட்டேன்.
இருபத்தைந்தாம் தேதி சம்பளம் வந்தது.

ஒரு செவ்வாய், கொட்டாஞ்சேனையிலிருந்து எமில்டா வந்தாள்.
மூன்று வசனத்துக்குக் குரல்,
பஸ் காசுக்கு மேலே ஆயிரத்தைந்நூறு.
"கை தட்டிக்கொண்டு சொல்லுங்கோ" என்றார் டிரெக்டர்.
"எப்பிடித் தட்ட?"
"உங்கட ஆக்கள் தட்டுற மாதிரி."
எமில்டா தன் கைகளைப் பார்த்தாள்.
காலையில் மீன் வெட்டிய விரல்கள்,
ஒரு நகத்தில் இன்னும் செதில்.
"சேர், எங்கட ஆக்கள் இஞ்ச அப்பிடித் தட்டுறேல்லை.
அது படத்தோட கடல் தாண்டி வந்தது.
நான் முதன்முதல் கேட்டது ஆமர் வீதிச் சந்தியில.
பள்ளிக்கூடப் பெடியள், என்னைப் பாத்துத் தட்டினாங்கள்.
பின்னால ஆரோ பெரிய ஆள் வாறாராக்கும் எண்டு
திரும்பிப் பாத்தனான்."

டிரெக்டர் ஏசியைக் கூட்டச் சொன்னார்.

பிறகு எமில்டா தட்டினாள்.
நல்லாய்த்தான் தட்டினாள், ஒரே டேக்கில் ஓகே.
கோப்புக்கு என்ன பெயர் என்று கேட்டது கணினி.
நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்று பின்னேரம் வெள்ளவத்தையில்
தண்டவாளம் தாண்டி, கடற்கரைக் கல்லுகளில்,
மயூரதன் இறால் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.
ஏழு வருசம்.
வெளிச்சத்தில் ஒரு நாளும் அவன் தோளில் நான் கை வைத்ததில்லை.
பொலிஸுக்குப் பயம் என்று நினைக்கிறான்.
அதுவும்தான்.
ஆனால் கை பாதி எழும்பும்போதே
எனக்குள் யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள்.
டொய்ங்.
யாரோ என்ன யாரோ.
அளவு பார்த்து, நேரம் பார்த்து,
இரண்டு ஃபிரேம் முன்னுக்கு இழுத்து வைத்தவன் நான்.
"என்ன யோசிக்கிறாய்?"
"ஒண்டுமில்லை. வடை உறைப்பு."
மருதானைக்குப் போகிற கோச்சி இரைந்துகொண்டு கடந்தது.
அந்த இரைச்சலுக்குள் அவன் தோளைத் தொட்டேன்.
எட்டே எட்டுப் பெட்டி.

அடுத்த கிழமை, பன்னிரண்டாம் பாகம்.
மஞ்சள் சேட்டோடு வாசலால் வருகிறான் அவன்.
ஸ்பிரிங்கை நான் போடவில்லை.
ஈரச் சீமெந்தில் பாட்டா செருப்பு
நடக்கிற சத்தம் மட்டும் போட்டேன்.
ஒரு மூச்சும் வைத்தேன். என்னுடையது.
டிரெக்டர் இரண்டு தரம் பார்த்தார்.
"இதில ஏதோ குறையுது, என்ன?"
"ஓம்" என்றேன்.
"அப்ப சனத்துக்கு எங்க சிரிக்கிறதெண்டு எப்பிடித் தெரியும்?"

திரையில் அவன் உறைந்து நின்றான்,
வாய் பாதி திறந்தபடி.
அவன் சொல்ல வந்தது என்ன என்று
எட்டு வருசத்தில் முதல் தரம்
வசனத் தாளில் விரல் வைத்துத் தேடினேன்.

"தேத்தண்ணி இருக்கோ?"