வண்டி ஓட்டுபவள் குடிப்பதில்லை

அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில்
ஃபாஸ்டேக் தீர்ந்துபோய்
சிவப்பு விளக்கு.
பின்னால் லாரிகள் ஹாரனாலேயே ஏசின.
கார் ஜெனிட்டாவின் மாமாவுடையது.
அவருக்கே போன் போட்டாள்:
"மாமா, ஏற்காடு போற வழியில நிக்கிறோம்
ஒரு ஐநூறு ரீசார்ஜ் பண்ணுங்களேன்."
உடனே போட்டார். நல்ல மனிதர்.
சாவடிக்குச் சாவடி ஊர்ப் பெயரோடு
அவர் போனுக்குச் செய்தி போகும் என்பது
சில்க் போர்டு நெரிசலில்
முக்கால் மணி நேரம் நின்றபோதுதான்
எங்களுக்கு உறைத்தது.

நாலு பேர். லைசென்ஸ் எனக்கு மட்டும்.
ஆகவே இந்திராநகர் மாடியில்
மூன்று பேர் ஆடினார்கள்.
நான் உப்புப் போட்ட லைம் சோடாவோடு
நான்கு போன், இரண்டு கைப்பை,
கோகுலவாணியின் ஒற்றைக் கம்மல்
காவல் காத்தேன்.

ஒரு மணிக்குப் பாட்டை வெட்டி
எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறார்கள்.
அதுவரை தேவர்களாக இருந்தவர்கள்
சேலம் பஸ் ஸ்டாண்டில் திடுக்கென விழித்தவர்கள் போல
முகத்தைத் துடைத்துக்கொண்டு
செருப்பைத் தேடினார்கள்.
ரிஸ்வான் யாருடைய செருப்பையோ போட்டு வந்தான்.
ஒரு சுற்று பெரிது.

"இந்தச் சந்தெல்லாம் உனக்கு எப்பிடி அத்துப்படி?"

எப்படி என்றால்,
மூன்று வருடம் இங்கே இருந்தேன்.
எங்கோ டெக்சாஸில் ஒருவர் வீட்டு
ஃப்ரிட்ஜ் குளிராமல் போகும்போதெல்லாம்
சர்ஜாபூர் சாலையில் நான் விழித்திருந்தேன்.
இரவு ஏழுக்கு கேப் வரும்.
காலை ஆறுக்கு இறக்கிவிடும்.
பிடிஎம் லேஅவுட் விடுதி ஜன்னலுக்கு
செய்தித்தாள் ஒட்டி
பகலை வெளியே நிறுத்தியிருந்தேன்.

பெங்களூர் நைட் லைஃப் எப்படி என்று
கரூரில் கேட்காதவர் கிடையாது.
கண்ணடித்துக்கொண்டு கேட்பார்கள்.
சூப்பர் என்பேன்.
பொய் இல்லை.
இருந்ததெல்லாம் நைட்தான்.

அவர்களை அந்த டீக்குக் கூட்டிப்போனேன்.
கேட்டுக்கு வெளியே சைக்கிள், சிவப்பு ஃபிளாஸ்க்.
அதே ஆள் இல்லை. அதே இஞ்சி.
கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு பெண்
கண்ணை மூடிக்கொண்டே குடித்தாள்.
அவள் குடித்து முடிக்கும்வரை
எனக்குக் கிளம்ப மனம் வரவில்லை.

நாலு மணி, ஹொஸ்கோட்டே.
பிரியாணிக்கு விடியாத வரிசை.
தீபாவளி டிக்கெட்டுக்குக்கூட
இத்தனை பொறுமையான இளைஞர்களை நான் கண்டதில்லை.
நந்தி மலைச் சூரியோதயம் எங்கள் திட்டத்தில் இருந்தது.
ரிஸ்வானின் வயிற்றில் அது இல்லை.
ரோட்டோரம் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கையில்
சூரியன் தன்பாட்டுக்கு
ஒரு டயர் கடைக்குப் பின்னாலிருந்து வந்தது.

கப்பன் பூங்காவில் மூவரும்
புல்லில் விழுந்து தூங்கினார்கள்.
காவலாளி விசில் ஊதினார்.
"ஐது நிமிஷ, அண்ணா" என்றேன்.
அவரும் நைட் டூட்டி முடியப்போகிறவர்தான்,
கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. போய்விட்டார்.

தலைக்கு மேல் ஒரு மரம்
இலையே இல்லாமல் முழுக்க ரோஸ்.
இந்த வழியாக எத்தனை தடவை போயிருப்பேன்.
சோடியம் விளக்கில் அது
எல்லா மரத்தையும் போல
பழுப்பாக அல்லவா நின்றது.

ஜெனிட்டாவின் போன் என் பைக்குள் அதிர்ந்தது.
மாமா:
'அத்திப்பள்ளி வழியா ஏற்காடு
புது ரூட்டா?
மெதுவா ஓட்டச் சொல்லு.
டீசல் போட்டுக் குடுங்க.'

எழுப்பவில்லை.
இன்னும் இரண்டு மணி நேரமாவது தூங்குவார்கள்.
நியாயப்படி நானும்தான் தூங்க வேண்டும்.
ராத்திரி கரூர்வரை ஓட்ட வேண்டும்.

கேட்டருகே ஒருவர் மாங்காய் கீறிக்கொண்டிருந்தார்.
காரம் தூக்கலாகப் போடச் சொல்லி வாங்கி,
அவருக்குப் பின்னாலிருந்த பெரிய சிவப்புக் கட்டடத்தைக் காட்டி
"இது என்ன?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் புதுசா?"

ஆமாம் என்றேன்.