மூன்றாவது இழுப்பறை

எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடம் என்று சொல்லும் அட்டவணை
என் மேசையின் மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது.
நூற்றுச் சொச்சம் பக்கம்.
எழுதியவள் நானில்லை,
திறப்பவள் மட்டும்.

தொல்மெட்ஸோ, ஆகஸ்ட் கடைசி வாரம்.
மலையிலிருந்து இறங்கும் காற்றில்
அலுவலகக் கதவு தானே சாத்திக்கொள்கிறது.
வரிசையில் நிற்கிறார்கள்,
பட்டங்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு
மழைக்குப் பயந்தவர்கள் போல.

மெய்யியல் படித்தவளுக்கு வரலாறு உண்டு.
கட்டடக்கலை படித்தவன் ஓவியம் சொல்லித்தரலாம்,
அவன் வரைந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், போகட்டும்.
இலக்கியம் படித்தால்
இலக்கணம், வரலாறு, புவியியல்
மூன்றும் ஒரே முடிச்சில்.

எர்மெஸ் கன்தோனி நிலவியல் படித்தவர்.
சுரங்கப்பாதைக் கம்பெனியில் பதினெட்டு வருஷம்
மலையைத் துளைத்து எடுத்த கல் உருளைகளுக்கு
எண் எழுதிக்கொண்டிருந்தவர்.
கம்பெனி மூடியதும் இங்கே வந்தார்.
விண்ணப்பத்தில், தடித்த எழுத்தில்: புவியியல்.
நிலம் வேறு, புவி வேறு என்றது அட்டவணை.
உங்களுக்குக் கணக்கு உண்டு, என்றேன்.
கணக்கா?
அதில் நான் முப்பதுக்கு இருபத்திரண்டு,
அதுவும் மூன்றாம் தடவை.
புரட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டுதான்.
செல்லும், என்றேன்.

புவியியலுக்கு ஆறு கிரெடிட் குறைகிறது.
ஆறுதானே, என்று
நாற்பத்தெட்டு வயதில் உதீனேவுக்குப் பஸ் ஏறினார்.
பரீட்சை அறையில் பக்கத்து இருக்கைப் பெண்
கண்காணிக்க வந்தவர் என்று நினைத்து
எழுந்து நின்றாளாம்.
ஜூனில் சான்றிதழோடு வந்தார். டை கட்டியிருந்தார்.

அந்த வசந்தத்தில்தான் அட்டவணையை மாற்றியிருந்தார்கள்.
இப்போது பன்னிரண்டு.
இதையெல்லாம் சொல்லவென்றே ஒரு குரல் வைத்திருக்கிறேன்,
பல் டாக்டர்கள் வைத்திருப்பது போன்றது.
அவர் என் பேனாவை வாங்கி
சான்றிதழின் ஓரத்தில்
பன்னிரண்டிலிருந்து ஆறைக் கழித்தார்.
கணக்கு வாத்தியார் அல்லவா.

என்னிடமும் ஒரு பட்டம் இருக்கிறது, முக்காலே மூணுவீசம்.
த்ரியெஸ்தேயில் வேதியியல், இரண்டு பரீட்சை பாக்கி.
அந்த அளவுக்கு அட்டவணையில் வரி கிடையாது,
தேடிவிட்டேன்,
மதிய உணவு இடைவேளைகளில்.

பிப்ரவரி. பதினொன்று பத்து.
முதலில் காப்பிக் கோப்பை நடந்தது.
இழுப்பறைகள் மூன்றும் நாக்கை நீட்டின.
பிறகு சுவருக்குள் ஒரு லாரி போன சத்தம்,
எல்லாரும் முற்றத்துக்கு ஓடினோம்.
பனியில், கோட்டு இல்லாமல், வகுப்பு வகுப்பாக.
பெயர் கூப்பிட்டேன். யாரும் குறையவில்லை.
அப்புறம்தான் எனக்குக் கால் நடுங்கியது.

ஒரே ஒரு கையுறை போட்டிருந்த பையன்
புவியியல் ஆசிரியையிடம் கேட்டான்:
ஏன்?

நீவெஸ் த்ஸானியெர் நல்லவள்.
ஆறுகளின் பெயரை
வடக்கிலிருந்து தெற்காக, மூச்சுவிடாமல் சொல்வாள்.
அவள் ஆய்வு
பழைய காதல் கடிதங்களில் வரும் நிறுத்தற்குறிகள் பற்றியது.
வாயைத் திறந்தாள். மூடினாள்.
கணக்கு வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் என்னைப் பார்த்தார்.
கைகள் கால்சட்டைப் பையில்,
புருவம் மட்டும் உயர்ந்து:
சொல்லலாமா?

என்னிடம் வருகைப் பதிவேடு மட்டும்தான் இருந்தது.
அட்டவணை உள்ளே.
மறு உத்தரவு வரை
யாரும் உள்ளே போகக் கூடாது.

அவர் கைகளை வெளியே எடுத்தார்.
வலது கையைக் காட்டி, இது ஆப்பிரிக்கா, என்றார்.
இடது கை நாம்.
வலது இடதைத் தள்ளியது.
விரல் முட்டிகள் மெல்ல மேலெழுந்தன,
இதோ நம் மலைகள், என்றார், பின்னால் திரும்பாமலே.
எவ்வளவு வேகம்?
நகம் வளர்வதைவிட மெதுவாக.

முற்றம் முழுக்கப் பிள்ளைகள்
விரல்களை விரித்து நகம் பார்த்தார்கள்.
நீவெஸ் என்னிடமிருந்து பதிவேட்டை வாங்கி,
பேனாவும் கேட்டு,
பின்னட்டையில் வேகமாக எழுதிக்கொண்டாள்.