இரண்டு கோடு

என்னை வேலைக்கு வைத்தது யுவராணி.
கொசப்பேட்டை வீட்டில்
பிளாஸ்டிக் நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டு
முதல் கேள்வி கேட்டாள்:
"நான் செருப்பு வார் மாட்டச்சொல்ல
நீ குனிவியா?"
குனிவேன் என்று வாயெடுத்தேன்.
அடுப்படியிலிருந்து அவள் அம்மா
கரண்டியை ஆட்டி இல்லை இல்லை என்றாள்.
"அம்மா, நீ உள்ள போ"
திரும்பாமலே சொன்னாள் யுவராணி.

எனக்கு முன்னால் இருந்தவள்
ஏழு மாதம் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாளாம்.
பூக்கடையில் மட்டும்
இவள் தலைக்கு மேலே விலை பேசினாளாம்.
தலைக்கு மேலே என்றால் எவ்வளவு மேலே என்று
கையைத் தூக்கிக் காட்டினாள்.

துட்டு அவளுடையது.
ஒண்ணாம் தேதி ஐந்து உறைகள்.
எழுத்து வராது.
பஸ் உறையில் பாகாயம் டிக்கெட் ஒட்டியிருக்கும்
மருந்து உறையில் காலி மாத்திரை அட்டை
சம்பள உறையில் என் போட்டோ, கண் மூடியபடி.
சாப்பாட்டு உறையில் எண்ணெய்க் கறை, தானாக வந்தது.
ஐந்தாவது வெறும் உறை.
அது எதற்கென்று நான் கேட்கவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்பார்:
"இவங்களுக்கு எங்க வலி?"
நான் சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பிப்பேன்.
வெள்ளி, ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு.
பதில் வரும்.
காட்பாடி மேம்பாலத்தில் பஸ் மாட்டிக்கொண்டால்
ஆகிற நேரம்தான் ஆகும்.

மே மாதம்.
கோட்டை மதில் பக்கம் கை வைக்க முடியாது.
லாங் பஜாரில் மழைக்கோட்டு கேட்டாள், பச்சையில்.
கடைக்காரர் ஏணி போட்டு, தூசி தட்டி எடுத்தார்.
இந்த வெயிலில் யாராவது
என்பது என் நாக்கு நுனியில் நின்றது.
வெறும் உறையைப் பிரித்து
நானூற்றி எண்பதை இரண்டு முறை எண்ணினாள்.
ஒட்டிக்கொண்டு போன ஐம்பதை
அவளே திரும்பக் கேட்டு வாங்கினாள்.

அங்கேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.
எல்லாரும் பார்த்தார்கள்.
கழுத்தில் வியர்வை வழிந்தது.
"வேக்காடா கீது."
"கழட்டிடலாமா?"
"உன்ன கேட்டனா?"

வீட்டுக்கு வந்ததும்
நோட்டில் என் பக்கத்தைத் தேடி
சிவப்புப் பேனாவால் ஒரு கோடு.
கிரீன் சர்க்கிளில் கையைப் பிடித்து இழுத்ததற்கு
ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.
மூன்று விழுந்தால் வேறு ஆள்.

நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்றேன்.
யோசித்தாள்.
வாசலில் கொசு.
கடைசி பஸ் ஒன்பது நாற்பதுக்கு.
யோசித்துக்கொண்டிருந்தாள்.
நின்றேன்.