அரைப்பேர்

டயகம மேற்கணக்கு, ஒன்பதாம் நம்பர் லயம்,
கடைசிக் காம்பரா.
அக்கரப்பத்தனை வளைவில் மண் சரிந்து
பாதரின் வேன் அந்தப் பக்கம் நிற்பதாக
சிக்னல் கிடைத்த ஒரு நிமிடத்தில் சொன்னார்கள்.
இந்தப் பக்கம்
நான், நனைந்த என் முக்காடு,
லூர்தம்மாவின் மூச்சு.

"வந்தது நீங்கதானே. நீங்களே கேளுங்க."

கேட்கலாம் அம்மா, மன்னிக்க எனக்கு உரிமை இல்லை
என்றேன்.
முப்பத்தொரு வருட வார்த்தைப்பாடு.
கோயிலைத் திறந்தவள், பூட்டியவள்,
பீடத்துணியில் உறைந்த மெழுகை நகத்தால் சுரண்டியவள்,
அதைச் சொல்லும்போது
என் குரல் எனக்கே கணக்கப்பிள்ளையின் குரலாகக் கேட்டது.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகிப்
படங்குச் சாக்கில் கொஞ்சம் இரத்தம்.
"பதினெட்டு கிலோ எடுக்காட்டி முழுப்பேர் இல்ல,
தெரியும்.
அரைப்பேராவது போடுங்க சிஸ்டர்."

முதலில் மீன்.
சம்பளத்துக்கு மறுநாள் வாங்கும் சாளை.
துண்டெல்லாம் பையன்களுக்கு,
சட்டி சுரண்டிய குழம்பு பொம்பளப் புள்ளைகளுக்கு.
"நடுவுலவ ஒருநாள் கேட்டா,
மீனுக்கு ஆம்பளைய மட்டுந்தான் தெரியுமாம்மான்னு.
அறைஞ்சிட்டேன்.
இப்ப குவைத்துல யாரோ வீட்டு மீனக் கழுவுறா."

பிறகு காசு.
"நான் பறிச்சதுக்கு அவரு கைநீட்டி வாங்குவாரு.
தவறணை தாண்டி மிச்சம் வரும்.
அவரு செத்த மாசம் நானே பெருவிரல் வச்சேன்.
மை காயுறதுக்குள்ள சந்தோசம் வந்துருச்சு சிஸ்டர்.
முப்பதாம் நாள் பூசைகூட முடியல."

தகரத்தில் மழை வலுத்தது.
காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"எனக்கு அடுத்த நிரை மயிலாயி. இருபத்தாறு வருசம்.
என் கால்ல அட்டைய அவ பிடுங்குவா,
கூடை கொறைஞ்சா ரெண்டு பிடி அள்ளிப் போடுவா.
அவ அம்மனுக்குத் தீ மிதிச்சா,
நான் அந்தோனியாருக்குத் திரி கொளுத்துனேன்,
ரெண்டு பேரும் ரெண்டு பேருக்காகவும்.
அவரு போனப்போ ஊருக்காக அழுதேன்.
அவ போனப்போ சத்தமே வரல,
ஒம்பது நாள் பச்சத்தண்ணி எறங்கல.
இது பாவத்துல சேருமா?"

பட்டியலில் தேடினேன்.
மடத்தில் சேர்ந்த முதல் வருடம் மதர் சொன்னது வந்தது:
தனி நட்பு ஆகாது,
எல்லாரையும் ஒரே அளவில் நேசியுங்கள்.
அளவு, என்றார். அகப்பையைச் சொல்வதுபோல.
பிலோமினை மன்னாருக்கு மாற்றிய காலையில்
கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று
ஐம்பத்துமூன்று மணியையும்
அவள் பெயர் சொல்லியே உருட்டினேன்.
யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும்.
லூர்தம்மாவிடம் சொன்னேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை.
"மன்னாருல மழை கொறைவு, இல்ல?" என்றாள்.
கொழுந்துக் கறை வெடிப்புவிட்ட விரல்கள்
என் விரல்களைத் தேடிப் பிடித்தன.
யார் முழந்தாளிட்டிருந்தது, யார் கேட்டது,
அந்த இருட்டில் பிரித்துச் சொல்ல முடியாது.

மன்னிப்பு வாய்பாடு எனக்கு மனப்பாடம்.
சொல்லவில்லை.

"மழைக் கொழுந்துக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்க,
தண்ணிக்குன்னு.
அங்கயும் கழிப்பாங்களா?"

இல்லை, என்றேன்.
இறையியல் படிக்காதவள், அழுத்தியே சொன்னேன்:
அங்கே ஈரத்தோடு நிறுப்பார்கள்.

பாதர் மறுநாள் பத்து மணிக்கு வந்தார்,
முழங்கால்வரை சேறு. நல்ல மனிதர்.
சாகும்போது யாராவது கூட இருந்தார்களா என்றார்.
இருந்தோம், என்றேன்.
காம்பராவைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்,
மற்றவர்கள் எங்கே என்று.