எண்டெலின் ஆப்பு

ஹீயுமா தீவில் நவம்பர்.
மூன்றரைக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிடும்.
சௌனாவின் தரைப்பலகைகளில் நான்கு உளுத்துப்போய்,
வெந்நீர் வாளியோடு என் வலது கால்
முழங்கால்வரை உள்ளே இறங்கிய மறுநாள்
எண்டெலிடம் ரம்பம் இரவல் கேட்டேன்.

"வயரே இல்லை. எங்கே வேண்டுமானாலும் அறுக்கலாம்."
அந்த எங்கேயில் என் தொடையும் அடக்கம் என்பது
வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

வயர் வைத்த ரம்பம் சாது.
பிளக்கைப் பிடுங்கினால் உறங்கிவிடும்.
இது மின்னலை மடியில் கட்டிக்கொண்டு
ஒன்றும் அறியாததுபோல் மேசையில் கிடக்கிறது.
முதல் வேலையாய் பேட்டரியைக் கழற்றினேன்.
கண்ணில் படும்படி, கைக்கு எட்டாதபடி,
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

அதற்கப்புறம்தான் தொட்டேன்.
வட்டத் தகடு, இருபத்துநான்கு பல்,
ஒன்றும் உடையவில்லை.
காப்பு மூடியைப் பின்னுக்குத் தள்ளி விட்டேன்.
சுருள்வில் இழுத்து டக்கென்று மூடவேண்டும்.
மூடவில்லை.
இமைக்க மறந்த கண்.

டார்ச் அடித்தால், இடுக்கில் ஓர் ஆப்பு.
நகத்தளவு ஜூனிப்பர் துண்டு.
அளவெடுத்துச் சீவி, உப்புத்தாளில் தேய்த்து,
அவ்வளவு அக்கறையாய்ச் செய்த அலட்சியத்தை
நான் அதுவரை பார்த்ததில்லை.
அறுக்கையில் மூடி தட்டுவது எண்டெலுக்குத் தொந்தரவு.
சீட் பெல்ட் தொந்தரவு. படகில் மிதவைச்சட்டை தொந்தரவு.
ஆப்பைப் பிடுங்கிய குரங்குக்கு வால் போனது.
இங்கே பிடுங்காவிட்டால் போகும்.
இடுக்கியால் இழுத்தேன்.

டக்.

கழுத்துத்துணியை ஆணியில் மாட்டினேன்.
கண்ணாடி போட்டேன், சட்டைக்கையை முட்டிக்கு மேல் சுருட்டினேன்.
பலகைக்குக் கீழே ஒரு பல் எட்டிப் பார்க்கும் ஆழம், போதும்.
பேட்டரி கடைசியாக.
மூன்று பலகை வெண்ணெய்போல் போனது.
ஒவ்வொரு முறையும் விரலை எடுத்துவிட்டு
தகடு நிற்கும்வரை கையிலேயே வைத்திருந்தேன்,
அழுது ஓயும் பிள்ளையைப்போல்.

நான்காவதற்கு வெளிச்சம் போதவில்லை.
நாளைக்கு என்று விட்டிருக்கலாம்.
பலகையின் இரண்டு முனையையும் இரண்டு முக்காலியில் ஏற்றி
நட்டநடுவில் அறுத்தேன்.
பாதி போனதும் பலகை தன் பாரத்தில் தொய்ந்தது,
வெட்டின் வாய் மூடியது,
தகட்டைக் கவ்வியது.

நான் படகுத்துறையில் வேலை செய்கிறவள்.
ஹெல்டெர்மா ஃபெரியில் பதினோரு வருடம்.
இறுகிய வடத்துக்கு நேரே நிற்காதே என்பது
மூளைக்குத் தெரியாமலே காலுக்குத் தெரியும்.
வெட்டுக் கோட்டுக்கு ஒரு சாண் இடப்பக்கம் நின்றிருந்தேன்.
ரம்பம் பின்னோக்கி எகிறியது.
நான் இல்லாத இடத்தின் வழியாக,
என் இரண்டு கையையும் இழுத்துக்கொண்டு,
காற்றில் அரை வட்டம்,

டக்.

மூடி மூடிக்கொண்டது.
உள்ளே தகடு கொஞ்சநேரம் முனகிச் சுற்றி ஓய்ந்தது.
பேட்டரியைக் கழற்ற மூன்று தடவை முயன்றேன்,
விரல் சொன்னபடி கேட்கவில்லை.
பத்து விரலும் இருந்ததால் நடுங்கின
என்று பிறகு சொல்லிக்கொண்டேன்.
அப்போது எதுவும் சொல்லவில்லை,
மரத்தூளில் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் பலகையை நீளத்துக்கும் தாங்கு கொடுத்துக் கிடத்தி,
வெட்டுத்துண்டு தானாய் விழ
முனையை மட்டும் வெளியே விட்டு அறுத்தேன்.
நாலு நிமிட வேலை.

ரம்பத்தோடு புகைபோட்ட தட்டைமீன் இரண்டும்
எண்டெலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
மீனை முகர்ந்தான். ரம்பத்தைத் திருப்பிப் பார்த்தான்.
"உள்ளே சின்னதாய் ஓர் ஆப்பு இருந்திருக்குமே?"
"சௌனா அடுப்பில் போட்டேன். நல்ல வாசனை."
"அதைச் செதுக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது."
"தெரிகிறது" என்றேன்.

திரும்பி வருகையில் பாதையின் இரு பக்கமும் பார்த்தேன்.
இந்தத் தீவில் ஜூனிப்பருக்குப் பஞ்சமில்லை.