வந்த காரணம்

பதினோராம் தளத்துக்குச் சுவர் வரையவில்லை.
மறதி இல்லை, கணக்கு.
தானே புயலின் வேகத்தை எண்ணாக்கித்
திரையில் அவிழ்த்துவிட்டபோது
இருபது மாடியும் கழுத்தை வளைத்தது.
நடுவில் ஒன்றைத் திறந்துவைத்தோம்.
காற்று நுழைந்தது, போயிற்று.

'ஏழாயிரத்து இருநூறு சதுரடி, சும்மாவா?'
என்றார் ராஜமன்னார், பணம் போட்டவர்.
'காத்துக்கு வாடகை யார் தருவா?'
மாநகராட்சி ஒரு வழி சொன்னது:
அந்த மாடியைப் பொதுமக்களுக்கு விட்டால்
உச்சியில் இரண்டு மாடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம்.
காலை ஆறு முதல் இரவு எட்டு வரை பொது.
அதற்கப்புறம் காற்று மட்டும்.

விற்பனைப் படத்துக்கு ஆட்கள் வேண்டும்.
மென்பொருளில் மனிதர்கள் தயாராக இருப்பார்கள்:
கோட்டு போட்டவன்,
பலூன் பிடித்த பொன்முடிக் குழந்தை,
கயிற்றில் நாய்.
அவர்களுடைய நிழல் மட்டும்
கடலூர் வெயிலுக்கு ஏற்றபடி விழத்
திருப்பிவைத்தேன்.

அதே வாரம் லிஃப்டுகளும் வரைந்தேன்.
குடியிருப்போர் லிஃப்ட் முகப்பில்,
உள்ளே தேக்கு, ஆளுயரக் கண்ணாடி.
பொது லிஃப்ட் பின்பக்கம், ஜெனரேட்டரைத் தாண்டி,
எவர்சில்வர் தகடு.
அதன் பட்டியலில் கண்ணாடி என்ற வரியை அடித்தது
ராஜமன்னார் இல்லை.
யாரும் சொல்லவுமில்லை.
நான்தான்.

திறந்து ஒன்பது நாள் யாரும் வரவில்லை.
காவலுக்கு இருந்த கொளஞ்சி
பீச் ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தாராம்.
'உள்ள விடுவாங்களா?' என்று
அவரிடமே கேட்டார்களாம்.

இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது.
பெயர், ஊர், வந்த நேரம், வந்த காரணம்.
மகபூப் பாஷா, முதுநகர், போட்டித் தேர்வு.
ஆரோக்கியசெல்வி, பெரியாஸ்பத்திரி நர்ஸ், தூக்கம்.
தனவேல், தேவனாம்பட்டினம், காத்து வாங்க.
அதற்குக் கீழே பதினேழு பேர்
மேற்படி, மேற்படி, மேற்படி.
வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று
ராஜமன்னாருக்குச் சொல்லியனுப்பினேன்.

வேம்பரசி, புதுப்பாளையம்,
'என் வீட்டைப் பார்க்க' என்று எழுதியிருந்தாள்.
கெடிலத்தின் முகத்துவாரத்தையோ
அதற்கப்பால் விரிந்த கடலையோ அவள் பார்க்கவில்லையாம்.
ஆயிரம் மொட்டைமாடிகளை விரலால் துழாவித்
தண்ணீர்த்தொட்டி மூடி பறந்துபோன ஒன்றில் நிறுத்தி
'அதான் வீட்ல எல்லாருக்கும் வயித்துப்போக்கு' என்றாளாம்.
கொளஞ்சி எனக்குக் காட்டினார்:
அதோ, புது மூடி, நீலம்.

எல்லாக் காற்றும் நல்ல காற்றில்லை.
தெற்கிலிருந்து சில நாள் சிப்காட் வாடை.
மேலே விலைகொடுத்தவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள்.
இங்கே துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு
மேற்படி.

நேற்று நானும் பின்பக்கமாகப் போனேன்.
ஜெனரேட்டர் சூடு முழங்காலில் பட்டது.
லிஃப்டுக்குள் ஒரு பெண்
தகட்டில் கோணலாகத் தெரிந்த முகத்தைப் பார்த்துப்
பொட்டை நடுவில் வைக்க முயன்றுகொண்டிருந்தாள்.
'சரியா இருக்கா?' என்றாள்.
கொஞ்சம் இடப்பக்கம், என்றேன்.

கொளஞ்சி நோட்டைத் திருப்பிவைத்தார்.
பெயர் எழுதினேன். ஊர் எழுதினேன்.
கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.
பையில் இஞ்சி டேப் கிடந்தது.

கண்ணாடிக்கு அளவெடுக்க.